முடிச்சு நின்ற இடம்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான் ஒருத்திதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் ஊருக்கு உண்மையாகவே பயன்பட்ட ஒரு கணக்கை நான் போடவில்லை. ஒரு பழைய கரும்பலகை, மூன்று நூல், கொஞ்சம் ஈயக்குண்டு, இவை சேர்ந்து போட்டன. நான் பக்கத்தில் நின்றேன். அப்படிப் பக்கத்தில் நின்றதற்கே எனக்கு இன்றுவரை தலைகால் புரியாத பெருமை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவுக்குத் தெற்கே, கண்டல் காடும் உப்புப் பூத்த தரவை வெளியும் கலந்து கிடக்கும் கரையோரம். குடியிருப்பு மூன்று திட்டாக இருக்கும். பெரிய வீதியை ஒட்டி றோட்டடி. மாதா கோயிலைச் சுற்றிக் கோயிலடி. வள்ளம் கட்டும் இடத்தில் கரையடி. றோட்டடிக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை. கோடையில் செருப்பு நனையாமல் அதைத் தாண்டலாம். மாரியில் இடுப்பளவு ஓடும். எங்கள் வீட்டு வளவு கரையடியில், ஊரின் கடைசி வேலி.

சண்டை முடிந்து, முகாமில் இருந்து எங்களை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது ஊர் இருந்தது, வீடுகள் இல்லை. தறப்பாளும் தகரமும் தந்தார்கள். மிதிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்புப் பலகையைப் பிடுங்கிய நிலத்தில் நாங்கள் தடி நட்டோம். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய வள்ளம் கட்டியிருந்த முளைக்கட்டை மட்டும் வளவின் ஓரத்தில் அப்படியே நின்றது. அம்மா வந்த அன்றே அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினார்.

ஊர்க் கிணறெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீருக்கு ஓடையைக் கடந்து, றோட்டடியையும் தாண்டி, வயற்பக்கத்து நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போகவேண்டும். மீள்குடியேறிய முதல் மாரியில் அம்மா நிறைகுடத்தோடு ஓடைக்குள் சறுக்கி விழுந்தார். குடம் தப்பியது, இடுப்பு நாரி போய்விட்டது. அந்த மாரி முழுவதும் மன்னார் பட்டினத்தில் சின்னம்மா வீட்டுக் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தார். வெயில் வந்ததும் எழுந்து ஊருக்கு வந்துவிட்டார். நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், சண்டையால் நின்றுபோன உயர்தரப் பரீட்சைக்குத் திரும்பப் படிப்பதும் என் வேலை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு நடை நான் தண்ணீர் எடுப்பேன். மிச்ச நடையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அடுத்த மாரி நெருங்கியபோது சின்னம்மா ஆள் விட்டார். மழைக்கு முதல் இரண்டு பேரும் பட்டினத்துக்கு வந்துவிட வேண்டுமாம். அம்மா முளைக்கட்டையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"இன்னொருக்கா இந்த வளவை விட்டிட்டுப் போனனெண்டால் நான் திரும்பி வரமாட்டன் பிள்ளை. எனக்கு என்னைத் தெரியும்."

எனக்கும் அவரைத் தெரியும். அதனால் பயந்தேன்.

அந்த நேரத்தில்தான் தாங்கிப் பேச்சு வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்குப் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று தருவதாகச் சொல்லியது. பிரதேச சபையின் பவுசர் லொறி தண்ணீரோடு வந்து அதை நிரப்பும். தாங்கி ஒன்றுதான். எங்கே வைப்பது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம் வந்தால் அம்மா இருப்பார், அந்தப் பக்கம் நின்றால் போய்விடுவார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஓடைக்குக் குறுக்கே கிறவல் மண் போட்ட ஒரு பாதை இருந்தது. மாரித் தண்ணீரில் அது மூழ்கினாலும் பவுசரின் பெரிய சில்லு உருண்டு கடந்துவிடும். குடத்தோடு போகிற அம்மாவுக்கு அந்தச் சில்லு இல்லை.

இரண்டு கூட்டம் கூடினோம். இரண்டும் சத்தத்தில் முடிந்தன. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எனக்கு மாமா முறை, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருடைய வீடு றோட்டடியில். பவுசர் வருவதே வீதியால்தானே, தாங்கி வீதியில் நிற்கட்டும் என்றார். கோயிலடியார் கோயில் வாசலைக் கேட்டார்கள். கரையடியில் நாங்கள் கொஞ்சப் பேர்; எங்கள் சத்தம் எடுபடவில்லை. கோயிலடி மச்சாள் ஒருத்தி, வாயில் உப்பும் புளியும் சேர்ந்தே இருக்கும் அவளுக்கு, "மாமா, தாங்கியை உங்கட தலையில வையுங்கோ, நாங்கள் எல்லாரும் அங்க வந்து அள்ளுறம்" என்றாள். அதோடு இரண்டாவது கூட்டமும் கலையப் பார்த்தது.

விதானையார், அதுதான் கிராம சேவகர், இளம் வயதுக்காரர். பொறுமைசாலிதான், ஆனால் அவருடைய பொறுமைக்கும் எல்லை இருந்தது.

"வாற ஞாயிறு பூசை முடிய ஒரு இடத்தைச் சொல்லுங்கோ. சொல்லாட்டி தாங்கி பக்கத்து ஊருக்குப் போகும். பிறகு என்னை ஏசிப் பிரயோசனமில்லை."

நான் எழுந்து நின்றேன். சொல்லிவிட்டேன்: "எங்க வைச்சால் எல்லாரும் நடக்கிற நடை குறையுமெண்டு கண்டுபிடிக்கலாம். நாங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை. நூல் சொல்லும்."

"என்னது சொல்லும்?" என்று மாமா கேட்டார்.

"நூல், மாமா."

கூட்டம் சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டிருக்கும்.

நூல் யோசனை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மூன்று நூலை ஒரு முடிச்சில் கட்டி, மூன்று நிறையைத் தொங்கவிட்டு, விசைகளின் சமநிலை என்று படித்திருக்கிறேன். அப்போது அது பரீட்சைக்குரிய விஷயம், அவ்வளவுதான். பிறகு முகாமில் எங்கள் கூடாரத்துக்கும் பக்கத்துக் கூடாரங்களுக்கும் இடையில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. மூன்று கூடாரத்தின் கயிறும் அதில் வந்து சேரும். யாராவது தன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கினால் வளையம் தானாக நகர்ந்து புதிய இடத்தில் போய் நிற்கும். வேறு வேலை இல்லாமல் மல்லாந்து கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று பேருடைய இழுவையையும் கணக்கில் எடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தை அந்த வளையம் கண்டுபிடிக்கிறது. அதற்குத் தலை இல்லை, மூளை இல்லை, உயர்தரச் சான்றிதழும் இல்லை. முகாமில் எங்களைப் பற்றி எத்தனையோ பேர் முடிவெடுத்தார்கள். அத்தனை பேரிலும் அந்த வளையத்தைத்தான் நான் மதித்தேன்.

கடல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதுமையும் இல்லை. வலையை எறிந்தால் மிதவை மேலே போகிறது, ஈயம் கீழே போகிறது, வலை நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீருக்கு உள்ளே இறங்கி யாரும் அதை நிமிர்த்திவிடுவதில்லை. ஆழம் கூடினாலும் நீரோட்டம் மாறினாலும் அது தானே பார்த்துக்கொள்கிறது. யோசிப்பதற்கு மண்டை வேண்டும் என்று யார் சொன்னது? சில வேலைகளுக்குப் பாரமும் கயிறும் போதும்.

பள்ளிக்கூடத்தில் உடைந்த கரும்பலகை ஒன்று சுவரோடு சாய்ந்து கிடந்தது. துப்பாக்கிச் சன்னம் போன ஓட்டைகள் அதில் நிறைய இருந்தன. எனக்கு மூன்று ஓட்டைதான் தேவை, ஆனால் சுட்டவர்கள் என் வரைபடத்தைப் பார்த்துச் சுடவில்லை. கம்பியைக் காய்ச்சி நானே புதிதாக மூன்று துளைத்தேன்.

அதற்கு முன் ஊரை அளந்தேன். மாமாவின் வலைக்கயிற்றை இரவல் வாங்கி, கோயிலடி மச்சாள் ஒரு நுனியைப் பிடிக்க நான் மறு நுனியைப் பிடித்து, றோட்டடியின் நடுவில் இருந்து கோயிலடியின் நடுவுக்கு, அங்கிருந்து கரையடிக்கு, கரையடியில் இருந்து திரும்ப றோட்டடிக்கு. நடுவில் ஓடை எங்கே வெட்டுகிறது என்றும் அளந்தோம். வேலிக்கு வேலி ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். "வலையில்லாமல் கயிறு வளைக்கினம், மீன் எங்க பிள்ளை?" என்றார் ஒருவர். "மன்னார்த் தெருவில சும்மா திரியிற கழுதைக்கும் இதைவிட வேலை இருக்கு" என்றார் இன்னொருவர். மச்சாள் அவருக்குக் கொடுத்த பதிலை நான் எழுத மாட்டேன்.

அந்த அளவுகளைச் சுருக்கிக் கரும்பலகையில் சோக்கால் ஊரை வரைந்தேன். மூன்று குடியிருப்புக்கும் மூன்று துளை. துளையின் விளிம்பு நூலைப் பிடிக்காதபடி கோயில் மெழுகுதிரித் துண்டால் தேய்த்தேன். பலகையை இரண்டு மேசைக்கு நடுவில் படுக்கவைத்தேன். மூன்று நைலோன் நூலை மேலே ஒரே முடிச்சாகப் போட்டு, மறு நுனிகளைத் துளைகளால் கீழே விட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் வலைத்துண்டில் தைத்த ஒரு சிறு பையைக் கட்டினேன். பையில் ஈயக்குண்டு போட்டால் நூல் கீழே இறங்கும், முடிச்சை அந்தத் துளையை நோக்கி இழுக்கும்.

மாமாவிடம் நான் விளங்கப்படுத்தியது இப்படித்தான். பலகைக்கு மேலே கிடக்கிற நூல்தான் ஆட்கள் நடக்கிற தூரம். குண்டுகளுக்குக் கீழே இறங்கத்தான் ஆசை. அவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவும் இறங்கும். கீழே நூல் நீண்டால் மேலே நூல் குறையும். இனி இறங்க முடியாது என்று குண்டுகள் நிற்கிற நேரத்தில் முடிச்சு எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில் தாங்கியை வைத்தால் ஊர் முழுவதும் நடக்கிற மொத்த நடை ஆகக் குறைவாக இருக்கும். இதைத் தாளில் போட்டால் என்னுடைய பரீட்சைக்கே மேற்பட்ட கணக்கு. குண்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும்.

மாமா மூக்கைச் சொறிந்தார். அவர் மூடர் இல்லை. கடலில் நாற்பது வகை கயிறு பார்த்தவர். "செய்து காட்டு" என்றார்.

சங்கக் கொட்டிலில் அவரும் நானும் விதானையாரும் மட்டும். ஈயக்குண்டு மாமாவின் வலைகளில் இருந்தே வந்தது, எல்லாம் ஒரே அளவு. விதானையார் பதிவைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு குண்டு என்று பைகளில் போட்டேன். போட்டு முடித்துப் பிடித்த கையை விட்டதும் முடிச்சு ஒரு கணமும் யோசிக்கவில்லை. விறுவிறென்று ஓடி றோட்டடித் துளைக்குள் விழுந்து, அங்கேயே அடைந்துகொண்டது.

ஊரில் பாதிக்கு மேற்பட்ட அட்டை றோட்டடியில். ஒரு பக்கத்துப் பாரம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையையும் விஞ்சிவிட்டால் முடிச்சுக்கு வேறு வழி கிடையாது. எனக்கு அந்த விதி தெரியும். முதலே யோசித்திருக்க வேண்டும்.

மாமா எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான் சயன்ஸ்! பிள்ளை, உன்னை நான் என்னவோ எண்டு நினைச்சன். விதானையார், பாத்தனீங்களே? நூலுக்குச் சாதி சனம் இல்லை, சொந்தம் பந்தம் இல்லை. இதுக்கு மேல ஆரும் கதைக்கேலாது." வெளியே போய், கொட்டிலுக்கு முன் வலை தைத்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அதையே சொன்னார். பின்னேரம் ஊர் முழுவதும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் திரும்பவும் செய்து காட்டலாம், யாரும் பிறகு வாய் திறக்கக்கூடாது என்று அவரே ஒழுங்கு செய்தார்.

நான் பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஓடைக்குள் எறிந்திருப்பேன். அம்மாவை ஊரைவிட்டு அனுப்புகிற கணக்கை நானே தச்சன் வேலை பார்த்துச் செய்து வைத்திருக்கிறேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அட்டை என்ன, குடமா தூக்குது?"

"என்னம்மா?"

"றோட்டடியில முன் வரிசை முழுக்கப் பூட்டிக் கிடக்கு. பாதிச் சனம் இன்னும் இந்தியாவில. மிச்சம் பட்டினத்தில. வந்து பதிஞ்சுபோட்டுத் தகரத்தையும் வாங்கி வைச்சிட்டுப் போட்டினம். அந்த வீடுகளுக்கு ஆர் தண்ணி அள்ளுறது?"

இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஊரே வாய் திறக்காத விஷயமும்கூட. அக்கரையில் அகதி முகாமில் இருந்தவர்கள் சிலர் வந்து பதிந்து, பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று திரும்பப் போயிருந்தார்கள். வீட்டுத்திட்டம் வரும்போது பெயர் இருக்க வேண்டுமே. "அந்த வீட்டில் ஆள் இல்லை" என்று விதானையாருக்கு முன் யாராவது சொன்னால் அட்டை வெட்டுப்படும். நாங்களும் அலைந்தவர்கள்தான். அலைந்தவன் அட்டையை இன்னொரு அலைந்தவன் வெட்டுவதா? அதைச் சொல்லித் தாங்கியைக் கொண்டுவருவதைவிட அம்மா பட்டினத்துக்கே போய்விடுவார். என்னையும் பேச விடமாட்டார்.

"சொல்லக்கூடாது" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"சொல்லமாட்டன்."

அந்தக் கிழமை முழுவதும் அதையே மனதில் போட்டு உருட்டினேன். கரும்பலகையில் படிப்பிக்கும்போதும் என் நினைவு மற்றப் பலகையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை வரிசையில் விட்டுக்கொண்டு நிற்கும்போது பிடிபட்டது. குண்டை நான் ஏன் போடவேண்டும்? விதானையார் ஏன் பதிவைப் பார்க்கவேண்டும்? குடம் தூக்குகிற ஆள் தானே வந்து தன் கையால் தன் குண்டைப் போடட்டும். ஆள் இருந்தால் குண்டு விழும். ஆள் இல்லாவிட்டால் விழாது. யாரும் யாரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லத் தேவையில்லை. நான் அந்த இடத்திலேயே தனியாகச் சிரித்தேன், பிள்ளைகள் ரீச்சருக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்துத் தகரப் பந்தலில் பலகையை வைத்தேன். ஊர் முழுவதும் சுற்றி நின்றது. மாமா வெள்ளைச் சேட்டு போட்டு, முன் வரிசையில் கதிரை போட்டு இருந்தார். ஆரம்ப உரையும் அவரே ஆற்றினார். நூலுக்குச் சொந்தம் பந்தம் இல்லை, நூல் சொன்னால் சொன்னதுதான் என்று அதே சொற்களை இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னார். நான் அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

பிறகு நான் சொன்னேன்: "இண்டைக்குக் குண்டை நான் போடப்போறேல்ல. தண்ணி தூக்குற ஆள் ஒவ்வொருத்தரா வந்து, தங்கட பக்கத்துப் பையில ஒரு குண்டு போடுங்கோ. ஆருக்கு எந்தப் பக்கம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

மாமா கதிரையில் நிமிர்ந்தார். எங்கே போகிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார், விதானையாரைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். என்ன சொல்வார்? பூட்டிய வீடுகளுக்கும் குண்டு போடவேண்டும் என்று சொன்னால், வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்ற கேள்வி வரும். விதானையார் தன் பதிவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கோயில் கோபுரத்தில் இருந்த புறாக்களைப் பார்த்தார். அவரும் கெட்டிக்காரர்தான்.

பெண்கள் வந்தார்கள். முதலில் வெட்கம், பிறகு தள்ளுமுள்ளு. ஒவ்வொருத்தி குனிந்து குண்டைப் போட்டு நிமிரும்போதும் முடிச்சு கொஞ்சம் நகர்ந்தது, எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். றோட்டடிக்காரி போட்டால் அந்தப் பக்கம், கோயிலடிக்காரி போட்டால் இந்தப் பக்கம். தான் போட்ட குண்டுக்கு ஊர் அசைவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத பெண்கள், குண்டைப் போட்டுவிட்டு, முடிச்சு எவ்வளவு போனது என்று விரலால் அளந்து பார்த்தார்கள். சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டித் தண்ணீர் எடுக்கும் ஆண்கள் சிலரும் போட்டார்கள். மாமாவும் எழுந்து ஒரு குண்டோடு வந்தார்.

"மாமா, நீங்கள் எப்ப தண்ணி தூக்கினனீங்கள்?" என்று மச்சாள் கேட்டாள்.

பந்தலே சிரித்தது. மாமி, மாமாவின் மனைவி, "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் காணேல்ல" என்றார். மாமா குண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய் இருந்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள் கேட்டார்: "பிள்ளை, அவையள் திரும்பி வந்தால்?"

அவருடைய கவலையும் நியாயமானது. போனவர்களில் அவருடைய தம்பியும் ஒருவர்.

"வரட்டும் மாமா. வந்து தங்கட குண்டைப் போடட்டும். முடிச்சு பிறகும் நகரும்."

எல்லோரும் போட்டு முடித்ததுபோல் இருந்தது. முடிச்சு றோட்டடியை விட்டு நன்றாக வெளியே வந்திருந்தது. ஆனால் நான் சோக்கால் கீறியிருந்த ஓடைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டைத் தொடுவதுபோல் நின்றது. விதானையார் குனிந்து பார்த்தார். "அப்ப ஓடைக்கு அங்கால் கரை" என்றார். சோக்கட்டியை எடுத்தார்.

இவ்வளவு நேரமும் ஒன்றை நான் கவனிக்கவில்லை. அம்மா வரவில்லை.

பூசைக்கு என் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தார். பிறகு காணவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். கிறவல் பாதையால் அம்மா வந்துகொண்டிருந்தார், இடுப்பில் நிறைகுடத்தோடு, ஒரு பக்கம் சரிந்து சரிந்து. ஊரெல்லாம் கூட்டத்துக்குப் போனால் கிணற்றடியில் ஆள் இருக்காது என்று கணக்குப் பார்த்து, பூசை முடிந்த கையோடு தண்ணீருக்குப் போயிருக்கிறார்.

"முடிஞ்சுதே?" என்று கேட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி, முடிஞ்சுது" என்றார் மாமா.

"எனக்கு முடியேல்லயே அண்ணை. நான் இப்பவும் தூக்கிக்கொண்டுதானே நிக்கிறன்."

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. விதானையார் சோக்கட்டியை எடுத்த கையைப் பின்னுக்கு இழுத்தார். "அம்மா போடட்டும்" என்றார்.

அம்மா குடத்தை இறக்கினார். நாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கரையடிப் பைக்குள் ஒரு குண்டைப் போட்டார். முடிச்சு அசையவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அது கல்லாய் நின்றது. அம்மா நிமிர்ந்து, என்னைப் பார்த்தார். "என்ர பாரத்துக்கு இது அசையாதாக்கும்" என்றார், மெதுவாக.

அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. ஆனால் என் கை மூளையைவிட முந்திக்கொண்டது. நூல் துளை விளிம்பில் பிடித்திருக்கிறது. அது எந்தப் பலகைக்கும் வருகிற வியாதி. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல அதிரட்டும் என்று பலகையின் நான்கு மூலையிலும் மடித்த விரல் கணுவால் தட்டினேன். டொக், டொக், டொக், டொக்.

முடிச்சு சிலிர்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், கரையடிப் பக்கமாக ஊர்ந்தது. சோக்கோட்டைத் தாண்டியது. தாண்டி, ஒரு விரல் அகலத்தில் நின்றது. நான் திரும்பவும் தட்டினேன். அசையவில்லை. விதானையார் தட்டினார். மாமாவும் எழுந்து வந்து, கொஞ்சம் பலமாகவே தட்டினார். அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஓடைக்கு இஞ்சால் கரை" என்றார் விதானையார், சோக்கால் வட்டம் போட்டுக்கொண்டு.

கரையடியும் கோயிலடியும் எழுப்பிய சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. மாமா நடுவில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். எதிர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். "நான் முதலே சொன்னனான்தானே, நூலுக்குச் சொந்தம் பந்தம் இல்லையெண்டு" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது அன்றைக்குத்தான். பிற்காலத்தில் யார் கேட்டாலும், "அது என்ர ஈயம்" என்று அவரும் தன் பங்குக்குப் பெருமை பேசுவார்.

வலைக்கயிற்றால் திரும்ப அளந்து, முடிச்சு நின்ற இடத்தை நிலத்தில் கண்டுபிடித்தோம். கிறவல் பாதையோரம், யாருடைய வளவும் இல்லாத ஒரு மேட்டில் எருக்கஞ்செடி நின்றது. அங்கே சீமெந்துத் தூண் எழுப்பித் தாங்கியை ஏற்றினார்கள். மாரி வந்தது, ஓடை இடுப்பளவு ஓடியது. பவுசர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நிரப்பிவிட்டுப் போனது. அம்மா செருப்பு நனையாமல் போய்க் குடம் நிரப்பினார். சின்னம்மா அனுப்பிய ஆளைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். நான் அந்த வருடம் பரீட்சை எழுதினேன்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. போனவர்களில் கொஞ்சப் பேர் வந்தும்விட்டார்கள், மாமாவின் தம்பி உட்பட. நான் பட்டதாரி ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் அந்தச் சன்னம் துளைத்த பலகையை வகுப்புக்குக் கொண்டுபோய், மெழுகு பூசி, நூல் கட்டிக் காட்டுகிறேன். நீங்கள் நாளைக்கு எவ்வளவு பெரிய கணினியைக் கண்டாலும் மூக்கில் விரலை வைக்கவேண்டாம், உங்கள் ஊரில் கயிறும் ஈயமும் யோசித்திருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அதை நான் அடக்குவதில்லை.

அம்மா இன்றும் கரையடியில்தான் இருக்கிறார். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் வெறுமையாக நிற்கும் அந்தப் பழைய தாங்கியைக் காட்டி, "அதை ஓடையைக் கடக்க வைச்சது நான்தான். ஒரு குண்டு போட்டனான், வந்திட்டுது" என்பார். கணக்கின்படி அது சரியில்லை. அன்று போட்ட ஒவ்வொரு குண்டும் ஒரே அளவுதான் இழுத்தது. கடைசியாக வந்த குண்டுக்கென்று தனிப் பலம் கிடையாது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் நான் சிவப்பால் கீறுவேன்.

அம்மா சொல்லும்போது மட்டும் பக்கத்தில் நின்று, "ஓம், அம்மாதான் இழுத்தவ" என்கிறேன்.